மழையில் எடுத்த அளவு: பிரிக்பீல்ட்ஸ் முதல் ஆற்றோர லயம் வரை

கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து புறப்பட்டு, கிள்ளானைத் தாண்டி ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டம் வரை போய் வந்தேன். கையில் ஒரு ரேடியோப் பெட்டி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து எங்கள் குழு அனுப்பும் குரல் அந்தத் தோட்டத்தில் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, எண்ணாக எழுதிக் கொடுக்க வேண்டும். போன வேலை அவ்வளவுதான். வெள்ளக் காலத்தில் சேதி சொல்வதற்காகச் சேர்ந்திருக்கும் மற்ற ஊர்த் தொண்டர்களும் இதுபோல் அளவெடுக்கப் புறப்படப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தவறு உங்களுக்கு இலவசம்.

எங்கள் குழுவில் ஆறு பேர். எல்லோரும் ரயில்வேயிலோ தபால் இலாகாவிலோ குமாஸ்தாக்கள். ஒலிபரப்ப லைசென்ஸ் வைத்திருப்பவர் சிவசம்பு ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது, ரயில்வே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் வீட்டுப் பின்னறைதான் எங்கள் நிலையம். அங்கிருந்து அவர் குறித்த மணிகளில் பத்துச் சொற்களை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். பெரும்பாலும் ஊர்ப்பெயர்கள்: ரவாங், காஜாங், செமினி என்று. வெள்ளச் சேதியில் முக்கியமாக வருவது ஊர்ப்பெயர்தானே.

கேட்பவர்கள் ஒரு கார்டில் இரண்டு எண்கள் எழுதி அனுப்புவார்கள். தெளிவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை, சத்தத்துக்கு ஒன்று முதல் ஒன்பது வரை. பத்துச் சொல்லும் பிழையில்லாமல் காதில் விழுந்தால் தெளிவு ஐந்து. சத்தம் பெரிதாக இருந்து சொல் புரியாவிட்டால் பிரயோஜனமில்லை. சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்தக் கார்டுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். தேதி, மணி, இடம், தெளிவு, சத்தம். அதுவரை முப்பத்தேழு கார்டுகள் வந்திருந்தன. கிள்ளான் பக்கத்திலிருந்து வந்த எல்லாவற்றிலும் தெளிவு ஐந்து.

கோலாலம்பூரில் ஆறு ஏறினால், அந்தத் தண்ணீர் கிள்ளான் பக்கத்துப் பள்ளங்களுக்குப் போய்ச் சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சேதி சொல்லிவிட்டால் ஆட்கள் மேட்டுக்கு ஏறிவிடலாம். டெலிபோன் கம்பிகள் காற்றில் முதலில் விழுந்துவிடும் என்பதால் ரேடியோ. யோசனை நல்ல யோசனைதான். வம்பு வேறு இடத்திலிருந்து வந்தது.

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் என்னோடு பேசியவர்களுக்குத் தொல்லை. அங்கே தோட்ட மேனேஜரான துரையின் பங்களா மேட்டில். ஆபீஸ் கணக்கரான கிராணியார் வீடு சரிவில். கீழ்லயம் என்று சொல்லப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இருபத்திரண்டும் ஆற்றங்கரையில். வெள்ளம் ஆள் பார்த்து வருவதில்லை என்கிறார்கள். வீட்டை எங்கே கட்டுவது என்பதை மட்டும் ஆள் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

மழை மாதங்களில் கீழ்லயத்துக்கு ஒரு காவலாள் உண்டு. பெயர் சின்னப்பன். ஆற்றில் நட்டிருக்கும் மரக்கம்பத்தில் கீழிருந்து மேலாக ஐந்து கோடுகள். தண்ணீர் மூன்றாம் கோட்டைத் தொட்டால், கரையோர மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் இரும்புக் கம்பியால் அடிப்பார். லயமே மேட்டுக்கு ஏறும். இதற்குக் கூலி நாளுக்கு நாற்பது காசு. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆபீஸுக்கு அந்த நாற்பது காசு உறுத்த ஆரம்பித்தது. ரேடியோ எச்சரிக்கை வரும் என்றால் காவல் எதற்கு? எங்கள் அளவு நன்றாக இருந்தால் டிசம்பர் முதல் தேதியோடு காவலை நிறுத்திவிடுவதாகக் கிராணியார் கடிதம் எழுதியிருந்தார். கூடவே எங்கள் சேவைக்கு வாழ்த்தும் சொல்லியிருந்தார். வாழ்த்தைப் படித்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். பெட்டியும் உலர் பேட்டரிகளும் ஹெட்போனும் சேர்ந்து பதினெட்டு ராத்தல். தோளில் அறுபது அடி ஏரியல் கம்பிச் சுருள். கோலாலம்பூர் ஸ்டேஷன் வரை ஏறக்குறைய ஒரு மைல். ரிக்‌ஷாவுக்குப் பத்துக் காசு கேட்டார்கள். நடந்தேன். (நீங்கள் ரிக்‌ஷா எடுத்துக்கொள்ளுங்கள். என் வலது தோள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.) கிள்ளானுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் அறுபது காசு, இருபத்தோரு மைல். ஏழு பத்துக்கு வண்டி நகர்ந்தது.

எதிரே கோழிக்கூடையோடு ஒருவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பத்து தீகா ஸ்டேஷன் வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“பொட்டியில என்னா தம்பி? பாம்பா?”

“ரேடியோண்ணே.”

“பாட்டு பாடுமா?”

“பாடாது. எங்காளு ஒருத்தரு ஊர்ப்பேரு வாசிப்பாரு. அதத்தான் கேக்கலாம்.”

“ஊர்ப்பேரா? அதுக்கு பாம்பே தேவலலா.”

ரயில் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்.

எட்டு இருபத்தைந்துக்குக் கிள்ளான். பாலத்துக்குப் பக்கத்தில் ராமையாவின் தையற்கடை, மாடியில். கிள்ளானிலிருந்து எங்களுக்கு அதிகம் கார்டு போட்டவர் அவர்தான். நேரில் அன்றுதான் பார்த்தேன். ஒன்பது மணிக்கு அவருடைய ஏரியலிலேயே கேட்டேன். பத்துக்குப் பத்து. தெளிவு ஐந்து, சத்தம் ஏழு. ராமையா ஹெட்போனைக் கழற்றவிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எழுதுனது பொய்யா தம்பி?”

“ஒரு எழுத்துகூடப் பொய் இல்லண்ணே.”

“அப்ப உக்காருங்க. சாப்பிடாம எறங்கக் கூடாது.”

இடியாப்பமும் கோப்பியும் கீழிருந்து வந்தன. காசை எடுத்தேன். கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டினார். உள்ளே வைத்துக்கொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்குப் பஸ். ஆறு மைலுக்குப் பதினைந்து காசு. சந்தியில் இறங்கினால் அங்கிருந்து செம்மண் பாதையில் இரண்டரை மைல் நடை. பாதி தூரத்தில் விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று பின்னால் வந்தது. “பொட்டிய வைங்க தம்பி. மாடு பொட்டியத் தாங்கும், ஒங்களத் தாங்காது” என்றார் வண்டிக்காரர். தோட்ட வாசல் வரை அவரோடு பேசிக்கொண்டே நடந்தேன். கொடுத்த காசை அவரும் வாங்கவில்லை. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பத்து.

கிராணியார் காத்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் பேனா, கையில் டைப் அடித்த தாள். அளவை எழுதவும் நான் கையெழுத்துப் போடவும் அதில் இடம் விட்டிருந்தார். கீழ்லயத்துக்கு இறங்கி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே முப்பது அடி உயரத்தில் கம்பியை இழுத்துக் கட்டினேன். பன்னிரண்டு மணி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சிவசம்புவின் குரல் கணீரென்று வந்தது. பத்துக்குப் பத்து. தெளிவு ஐந்து, சத்தம் ஆறு. கிராணியாரும் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். அவருக்கு முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா? துரைகிட்ட அப்பவே சொன்னேன். அஞ்சு மணிக்குத் தாள ஆபீஸ்ல குடுத்துருங்க தம்பி” என்று மேலே ஏறிப் போனார்.

சின்னப்பன் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது கால் முட்டி மடங்காது. ரப்பர் மரம் மரமாக நடந்து பால்வெட்டுக்குப் போக முடியாததால்தான் இந்தக் காவல் வேலை.

“அப்ப எனக்கு வேல இல்லியா தம்பி?” என்றார்.

“முடிவு தோட்டத்துதுண்ணே. நான் அளந்து எழுதறவன்தான்.”

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எவனும் சொல்லக்கூடிய பதில் இது. அடுத்தவன் இதைச் சொன்னபோது எத்தனை முறை கோபப்பட்டிருப்பேன். என் வாயிலும் அது தடையில்லாமல் வந்தது.

அவருடைய மனைவி பாப்பாத்தி பால்வெட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அவர்கள் வீடு லயத்தின் கடைசி வீடு. ஆற்றிலிருந்து முப்பது அடிகூட இருக்காது. தன் கணவனின் வேலையை எடுக்க வந்தவன் என்று தெரிந்தும், சோறும் கருவாட்டுச் சம்பலும் போட்டார். நான் தயங்கினேன். “சாப்புடுங்க. பசியோட எழுதுனா எழுத்து கோணும்” என்றார்.

இரண்டு மணிக்கும் தெளிவு ஐந்துதான். மூன்றேகாலுக்கு வடகிழக்கில் வானம் கறுத்தது. கோலாலம்பூர் பக்கம் தூரத்தில் உறுமல். நான் யோசிக்கவே இல்லை. எழுந்து போய் ஏரியலை அவிழ்த்து, கம்பியைச் சுருட்டி, பெட்டியை மூடினேன். இந்த நாட்டில் ரேடியோ வைத்திருப்பவன் எவனும் இதைத்தான் செய்வான். உயரத்தில் கம்பி கட்டியிருந்தால் இடி அந்த வழியாக வீட்டுக்குள் இறங்கும். குழுவில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது.

பாப்பாத்தி கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்னா தம்பி, மூட்டயக் கட்டிட்டீங்க?”

“மழ வருதுக்கா. இடி எறங்கிரும்.”

“அப்ப மழயில இது பேசாதா?”

“பேசாது.”

“ஆத்துல தண்ணி வெயில்லயா ஏறும்?”

கேட்டுவிட்டு அவர் துணியோடு உள்ளே போய்விட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் கம்பிச் சுருளோடு அங்கேயே நின்றேன். முப்பத்தேழு கார்டுகள். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றையும் எழுதியவர் வானம் கறுத்ததும் கம்பியைப் பிடுங்கியவர். வெயிலிலும் நிலவிலும் கேட்டுவிட்டு ஐந்து என்று எழுதி, அதை வைத்து மழைக் காலத்துக்கு உத்தரவாதம் கொடுக்கப் புறப்பட்டிருந்தோம். மழையா என்று கேட்க என் கார்டில் ஒரு கட்டம் இல்லை. படித்த ஆறு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. தலைமாட்டில் ஆற்றை வைத்துக்கொண்டு தூங்கும் ஒருவருக்குத் தோன்றியது.

இடி இன்னும் தூரத்தில்தான் இருந்தது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே முப்பதுக்கு மேல் எண்ண முடிந்தது. தென்னையை விட்டுவிட்டு, லயத்துக் கூரையின் வெளிநீட்டிய விளிம்பான இறவாணத்துக்குக் கீழே தாழ்வாகக் கம்பியை ஓட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. நான்கு மணிக்கு ஹெட்போனை மாட்டினேன்.

தகரத்தில் சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி இரைச்சல். அதற்கு நடுவே “ரவாங்” என்றது குரல். அடுத்த சொல் இரைச்சலில் போயிற்று. மூன்றாவது “செமினி”. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு இரைச்சல் ஒரு கணம் விலகி, சிவசம்புவின் குரல் அவசரமாக வந்தது: “இடி கிட்ட வந்திட்டுது. நிப்பாட்டிறன்.”

நான்கு மணி மூன்று நிமிடம். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

“என்னா சொல்றாரு ஒங்காளு?” என்றார் பாப்பாத்தி.

“நிறுத்திட்டாருக்கா. அங்கயும் இடி.”

“நல்ல மனுஷன். உசுருதான முக்கியம்.”

அந்த நேரத்தில் சின்னப்பன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நொண்டிப் போனார். அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது ஏற்பாடு. திரும்பி வந்து சாக்கை உதறினார். “மொதக் கோட்டத் தொடல” என்றார். மழையில் அவர் எடுத்த அளவு தெளிவு ஐந்து. எங்களுடையது ஒன்று.

ஐந்து மணிக்கு ஆபீஸுக்கு ஏறினேன். நடந்ததைச் சொன்னதும் கிராணியார் பேனாவை மூடினார்.

“மத்தியானம் அஞ்சுன்னு என் காதாலயே கேட்டேன் தம்பி. அத எழுதுங்க. அதுவும் உண்மதான?”

“உண்மதான் ஐயா. அதையும் எழுதறேன். மழயில எடுத்ததையும் எழுதறேன்.”

“ஒங்க கொழுவுக்கே கெட்ட பேருலா. சொந்தக் கடைய எவனாச்சும் சொந்தக் கையால மூடுவானா?”

“கட தொறந்துதான் ஐயா இருக்கும். வெயில் நாள்ல.”

அவர் சிரிக்கவில்லை. டைப் அடித்த தாளில் இடம் போதவில்லை, பின்பக்கத்தில் எழுதினேன். “பகல் பன்னிரண்டு, வெயில்: தெளிவு ஐந்து, சத்தம் ஆறு. மாலை நான்கு, மழை: ஐந்தில் இரண்டு சொல், தெளிவு ஒன்று. நான்கு மணி மூன்று நிமிடத்தில் நிலையம் இடிக்குப் பயந்து மூடப்பட்டது. மழையில் இந்த நிலையத்தை நம்பிக் காவலை எடுக்கக் கூடாது.” கடைசி வரி அளவெடுப்பவன் எழுத வேண்டியதல்ல என்றார். இருக்கட்டும் என்றேன். லைசென்ஸ்காரர் கையெழுத்தில்லாமல் செல்லாது என்று தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். அதில் அவர் சொன்னது சரி.

ஆறேகால் பஸ்ஸைப் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தேன். ராமையாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. “மழயில ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களாண்ணே?”

“மழயிலயா? வெளாடுறீங்களா? முந்தின வருஷம் பக்கத்துத் தெருவுல ஒருத்தன் பொட்டியே கருகிப்போச்சு. மேகம் தெரிஞ்சா நான் கம்பியப் புடுங்கிருவேன்லா.” பிறகு அவருக்கே உறைத்தது. தையல் மெஷினில் வைத்த கையை எடுத்தார். “அட, இத நான் எழுதவே இல்லியே” என்றார். கேட்க நாங்கள் இடம் வைத்திருந்தால்தானே அவர் எழுதுவதற்கு.

ஏழு இருபது வண்டியில் ஏறி, ஒன்பது மணிக்குச் சிவசம்பு வீட்டுக் கதவைத் தட்டினேன். வரும் வழியெல்லாம் அவரோடு சண்டைக்குத் தயாராக வாக்கியங்கள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்த நிலையம் அவருடைய பத்து வருடச் சம்பாத்தியம்.

“வாரும் தம்பி. எப்பிடி, அஞ்சோ?”

தாளை நீட்டினேன். விளக்கடியில் வைத்து இரண்டு முறை வாசித்தார்.

“என்ர கையாலதான் நிப்பாட்டினன். பயம். பக்கத்து அறையில பிள்ளையள் படுத்திருந்தவை.”

“பயந்தது சரிதாண்ணே. யாரா இருந்தாலும் நிறுத்தணும்.”

“ஓம், நிப்பாட்டினது பிழையில்ல. கார்டு கார்டா அஞ்செண்டு வரேக்க ஒருத்தரையும் ஒண்டும் கேக்காமல் சந்தோசப்பட்டனே, அதுதான் பிழை.” பேனாவை எடுத்து, என் கடைசி வரிக்குக் கீழே “நிலையத்துக்கு உரியவன் இதை ஒப்புக்கொள்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் அப்படியே வீணாகப் போயின. ஒரு மனிதரிடம் இதைவிட நன்றியோடு நான் தோற்றதில்லை.

மறுநாள் தாளைத் தபாலில் அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்துத் தோட்டத்திலிருந்து இரண்டு வரி வந்தது. மழைக் காலம் முடியும் வரை காவல் நீடிக்கும். அவ்வளவுதான். லயத்தை மேட்டுக்கு மாற்றுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மழையில் பால்வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை என்பது மாறவில்லை. ஒரு மழைக் காலத்துக் காவலைக் காப்பாற்றியதற்காக நாங்கள் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். அந்த வீடுகள் இன்னும் ஆற்றோரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் பாப்பாத்தி அக்கா அந்தக் கேள்வியைக் கேட்காமல் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் நான் ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வந்திருப்பேன். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

புறப்படப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போகவர வண்டிச் செலவு ஒன்றரை வெள்ளி. சாப்பாட்டுக்கு என்னைச் செலவழிக்க விடவில்லை, நீங்கள் அரை வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சுற்ற மெழுகுத்துணி அவசியம். காலையில் அளந்துவிட்டு மதிய வண்டியில் திரும்பிவிடாதீர்கள். இங்கே மழை மூன்று மணிக்கு மேல்தான் வரும். மழையில் அளக்க உயரக் கம்பி வேண்டாம், இறவாணத்துக்குக் கீழே தாழ்வாகக் கட்டுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே பதினைந்து எண்ண முடியாவிட்டால் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள், வீரம் காட்டாதீர்கள். கழற்றிய நிமிடத்தையும் கார்டில் எழுதுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதையும் எழுதி அனுப்புங்கள். எங்கள் புதிய கார்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. அளவெடுக்கப் போகும் இடத்தில் ஏற்கெனவே ஒரு காவல் இருந்தால், அதைவிட நீங்கள் மேல் என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அதற்குப் பக்கத்தில் உட்காரப் போங்கள்.

தோட்டத்துப் பதில் வந்த அடுத்த ஞாயிறு குழுவின் பழைய பெட்டி ஒன்றையும் பத்துக் கார்டுகளையும் கீழ்லயத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் முதல் கார்டு வந்தது. பென்சில் எழுத்து. பாப்பாத்தி சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது.

“மாலை ஐந்து மணி. மழை. தெளிவு இல்லை. சத்தம் இல்லை. தண்ணீர் நான்காம் கோடு. சின்னப்பன் மூன்றாம் கோட்டிலேயே தண்டவாளத்தை அடித்தார். இருபத்திரண்டு வீடும் மேலே ஏறிவிட்டோம். ஆடு ஒன்று போய்விட்டது.”

அளவு அனுப்புகிறவர்களுக்கு நிலையத்திலிருந்து ஒரு பதில் கார்டு போடுவது வழக்கம். சிவசம்பு அதைத் தன் கையாலேயே எழுதினார். கிடைத்தது, அளவு சரி, நன்றி.